கிளிண்டன் கொடுத்த எண்ணெயா, புஷ் கைவிட்ட ஒப்பந்தமா?

மலேசியாவின் தாப்பாவிலிருந்து எழுதும் அண்ணன் கேட்டது: "1994ல் கிளிண்டன் வடகொரியாவுக்கு எண்ணெயும் அணு உலையும் கொடுத்தார். 2006ல் அவர்கள் குண்டை வெடித்துக் காட்டினார்கள். ஜனநாயகக் கட்சி பால் வார்த்து வளர்த்த பாம்பு இது. மறுக்க யாராவது இருக்கிறீர்களா?"

9 அக்டோபர் 2024, இரவு 9.40

நான் மறுக்கிறேன் அண்ணே. அந்த முதல் சோதனை நடந்து இன்றோடு 18 ஆண்டுகள். இன்றைக்காவது அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

1994 அக்டோபர் 21ஆம் தேதி ஜெனீவாவில் கையெழுத்தானது. எண்ணெயைச் சும்மா கொடுக்கவில்லை. வடகொரியாவின் அணு மையமான யோங்பியோனில் இருந்த 5 மெகாவாட் உலையை நிறுத்த வேண்டும். கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெரிய உலைகளின் வேலையையும் நிறுத்த வேண்டும். உலையிலிருந்து எடுத்த ஏறத்தாழ 8,000 எரிபொருள் கம்பிகளைக் கலங்களில் அடைத்து, அனைத்துலக அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் கண்முன்னே வைக்க வேண்டும். இதற்குப் பதிலாகத்தான் ஆண்டுக்கு 5 லட்சம் டன் கனரக எண்ணெயும், மின்சாரத்துக்கு இரண்டு மென்னீர் உலைகளும்.

அந்த உலைகளைக் 'கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவை கட்டி முடிக்கப்படவே இல்லை. 2003க்குள் முடிக்க இலக்கு வைத்தார்கள். அடித்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றியதே 2002 ஆகஸ்டில். செலவில் பெரும்பகுதியைத் தென்கொரியாவும் ஜப்பானும் ஏற்றுக்கொண்டன. ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றம் குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. எண்ணெய்க்குப் பணம் ஒதுக்குவது ஒவ்வோர் ஆண்டும் இழுபறி, கப்பல்கள் தாமதம்.

ஆனால் அந்த 8,000 கம்பிகள் எட்டு ஆண்டுகள் அடைத்தது அடைத்தபடியே இருந்தன. அதில் இருந்த, குண்டு செய்ய உதவும் புளுட்டோனியத்தில் ஒரு கிராம்கூடப் பிரித்தெடுக்கப்படவில்லை. அதை மறைத்துவிட்டு எப்படிப் பழி போட முடியும்?

10 அக்டோபர், காலை 6.15

பத்து காஜா ஊர் அக்கா, நான் எழுதியதை வைத்து நீங்கள் "அப்படியானால் எல்லாம் புஷ் செய்த வினை" என்று முடித்துவிட்டீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆலைக்குப் புறப்பட வேண்டும், இரவு வந்து எழுதுகிறேன்.

10 அக்டோபர், இரவு 10.05

அக்கா சொல்வதில் ஒரு பகுதி உண்மை. 2001 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் காலின் பவல், கிளிண்டன் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம் என்றார். மறுநாளே புஷ் தரப்பு அதை மறுத்தது. 2002 ஜனவரியில் வடகொரியாவை 'தீய அச்சு' நாடுகளில் ஒன்றாகச் சேர்த்த புஷ்ஷின் உரை. அக்டோபரில் புஷ் அனுப்பிய ஜேம்ஸ் கெல்லி வடகொரியத் தலைநகர் பியோங்யாங் போய், நீங்கள் ரகசியமாக யுரேனியத்தைச் செறிவூட்டுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அடுத்து எண்ணெய் நின்றது. அவர்கள் ஆய்வாளர்களை வெளியேற்றினார்கள். 2003 ஜனவரி 10ஆம் தேதி அணுப்பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். கலங்களில் இருந்த கம்பிகள் வெளியே வந்தன. 2006ல் வெடித்தது புளுட்டோனியக் குண்டு.

இப்போது மறு பகுதி. கெல்லி கேட்டது பொய்க் குற்றச்சாட்டு இல்லை. பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.கியூ. கான் வடகொரியாவுக்கு, யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களை ஏறத்தாழ இரண்டு டஜன் அனுப்பினார் என்று அந்நாட்டு அதிபர் முஷாரஃப்பே பின்னர் எழுதினார். ஒரு வாசலைப் பூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்பக்கம் இன்னொரு வாசலுக்கு ஆள் வைத்து வேலை பார்த்திருக்கிறது பியோங்யாங். கிளிண்டன் ஆட்சியில் தொடங்கிய ஏமாற்று அது. 2010 நவம்பரில் அமெரிக்க விஞ்ஞானி சீக்ஃப்ரீட் ஹெக்கரை யோங்பியோனுக்கு அழைத்துப் போய் அவர்களே காட்டினார்கள். ஏறத்தாழ 2,000 இயந்திரங்கள்.

ஆக, குண்டுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் புளுட்டோனியத்தை மட்டும் பேசுகிறார்கள், ஏனென்றால் அதை அடைத்து வைத்தது அவர்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் யுரேனியத்தை மட்டும் பேசுகிறார்கள், ஏனென்றால் அதைப் பிடித்தது அவர்கள். 2006ல் சோதனை நடந்த கையோடு செனட்டர் மெக்கெய்ன் கிளிண்டனின் ஒப்பந்தத்தைக் குறை சொன்னார். ஜனநாயகக் கட்சியினர் புஷ்ஷைக் குறை சொன்னார்கள். நாம் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பாதியைத் தூக்கிக்கொண்டு ஏன் சண்டை போட வேண்டும்?

என் தீர்ப்பு வேண்டுமென்றால் இது: முதல் குற்றவாளி கிம் குடும்ப ஆட்சி. அமெரிக்கர்கள் செய்தவற்றில் ஆகப் பெரிய தவறு 2002 இறுதியில் நடந்தது. யுரேனிய வேலை அப்போது முற்றவில்லை, ஆண்டுகள் பிடிக்கும். அதைத் தண்டிப்பதற்காக, கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்த புளுட்டோனியத்தை அவிழ்த்துவிட்டார்கள்.

11 அக்டோபர், மதியம் 1.10

ஈப்போ தம்பி "மையவிலக்கு இயந்திரம் என்றால் என்ன, அதை வாங்குவது அவ்வளவு பெரிய விஷயமா" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இது என் தொழிலை ஒட்டியது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நான் செம்பனை (பாமாயில்) ஆலையில் ஃபிட்டர். எங்கள் ஆலையில் எண்ணெயையும் சேற்றுத் தண்ணீரையும் பிரிக்க ஒரு சுழல் இயந்திரம் உண்டு. செப்பரேட்டர் என்போம். கனமானது வெளிப்பக்கம் ஒதுங்கும், இலேசானது நடுவில் நிற்கும். குலையோடு வரும் மணல் அதன் உள்பாகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தேய்ந்துவிட்டால் போதும், சமநிலை போய்விடும். முதலில் தரை அதிரும். பிறகு சத்தம் மாறும். அந்தச் சத்தம் கேட்டவுடன் ஓடிப்போய் நிறுத்தாவிட்டால் பேரிங் நொறுங்கிவிடும். பழைய ஃபிட்டர்கள் இயந்திரத்தின் உடம்பில் கைவைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று.

யுரேனியத்துக்கும் அடிப்படை அதேதான். ஆனால் பிரிக்க வேண்டியது எண்ணெயும் தண்ணீரும் போல எளிதில் ஒதுங்கும் இரண்டு பொருள்களை இல்லை. யுரேனியம் 235, யுரேனியம் 238 என ஒரே தனிமத்தின் இரண்டு வகைகள், எடையில் மயிரிழை வேறுபாடு. இயற்கையில் 235 இருப்பது 0.7 விழுக்காடுதான். குண்டுக்கு 90 விழுக்காடு அளவுக்கு ஏற்ற வேண்டும். அதற்காக வாயுவாக்கி, நிமிடத்துக்கு 60,000 சுற்றுக்கு மேல் சுழலும் மெல்லிய உருளைக்குள் விட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் வழியாக ஓட்ட வேண்டும். எங்கள் ஆலையில் தரை அதிரும் அளவுக்கு இருக்கும் பிசகு, அங்கே அந்த உருளையைச் சிதறடித்துவிடும்.

போன மாதம் 13ஆம் தேதி வடகொரியா ஒரு படத்தை வெளியிட்டது. கிம் ஜோங் உன் அந்த இயந்திரங்களின் வரிசைகளுக்கு நடுவே நடந்து போகிறார். உயரமான குழாய்கள், நெருக்கமாக, சுவர் வரைக்கும். பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அரசியல் பேசுகிறவர்கள் அதில் கிம்மின் சிரிப்பைப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது, ஒன்றுகூட அதிராமல் அத்தனையையும் ஓடவிடும் கைகளை. அங்கே பழகிய ஃபிட்டர்கள் உருவாகிவிட்டார்கள். எந்த ஒப்பந்தம் வந்தாலும் அந்தக் கைகள் கற்றதை மறக்கப்போவதில்லை.

11 அக்டோபர், இரவு 8.30

தாப்பா அண்ணன் சோதனைகளை ஆட்சிவாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்: புஷ் காலத்தில் ஒன்று, ஒபாமா காலத்தில் நான்கு, டிரம்ப் காலத்தில் ஒன்று. எண்ணிக்கை சரி. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு நிற்காது. 5 மெகாவாட் உலை ஓடத் தொடங்கியது 1986ல், ரீகன் காலம். ஒன்றிரண்டு குண்டுக்கான புளுட்டோனியத்தை அவர்கள் முதலில் பிரித்திருக்கலாம் என்று அமெரிக்க உளவுத்துறை கணித்த காலம் மூத்த புஷ்ஷினுடையது. அந்தக் கணக்கில் ரீகனும் வர வேண்டும், மூத்த புஷ்ஷும் வர வேண்டும். விதைத்தவன் ஒருவன், வெடித்த நாளில் நாற்காலியில் இருந்தவன் வேறொருவன்.

13 அக்டோபர், காலை 11.00

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டை, நமக்கு என்ன" என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் நாட்டு ஷா ஆலம் உங்களுக்குத் தூரமா ஐயா?

2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'பிபிசி சைனா' என்ற கப்பலை இத்தாலியின் டாரண்டோ துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதித்தார்கள். உள்ளே மையவிலக்கு இயந்திரத்துக்கான பாகங்கள். பெட்டிகளின் மேல் ஷா ஆலத்தில் இருந்த, ஸ்கோமி என்ற மலேசிய நிறுவனத்தின் துணை நிறுவனப் பெயர். ஆர்டர் கொடுத்தவர் தாஹிர், இலங்கைக்காரர், துபாயில் தொழில் செய்தவர், ஏ.கியூ. கானின் கையாள். 14 வகைப் பாகங்கள், 13 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) ஒப்பந்தம். 2004 பிப்ரவரியில் புஷ் தம் உரையிலேயே மலேசியாவைச் சொன்னார். எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்றே நிறுவனம் நம்பியது என்று நம் போலீஸ் அறிக்கை சொன்னது. தாஹிரை அந்த மே மாதம், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் இசா சட்டத்தில் பிடித்து, 2008ல் விட்டார்கள்.

அப்போது இங்கே என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? தாய் நிறுவனத்தில் அன்றைய பிரதமரின் மகன் பங்குதாரர். மார்ச் மாதம் பொதுத்தேர்தல். எதிர்க்கட்சி அதை மேடையில் பேசியது, ஆளுங்கட்சி மறுத்தது. தேர்தல் முடிந்தது, பேச்சும் முடிந்தது. அந்தப் பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் நின்ற பையன்களிடம் யாராவது போய் "உன் கையில் கொடுத்த வரைபடத்தில் என்ன இருந்தது" என்று கேட்டார்களா? நானும் வரைபடத்தை வைத்துப் பாகம் செய்கிறவன்தான். விட்டம் இருக்கும், உலோகத்தின் தரம் இருக்கும், எவ்வளவு பிசகு பொறுக்கலாம் என்று இருக்கும். எதற்கு என்பது இருக்காது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

இனி வருவதுதான் என்னைத் தூங்கவிடாதது. அந்தக் கப்பல் பிடிபட்ட இரண்டு மாதத்தில் லிபியத் தலைவர் கடாபி அணுத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். உலகமே மெச்சியது. 2011 அக்டோபரில் அவரைத் தெருவில் இழுத்துக் கொன்றார்கள். அதற்கு வழிவிட்ட குண்டுவீச்சில் அமெரிக்காவும் இருந்தது. லிபியாவிடம் ஆயுதத்தைப் பிடுங்கியதே தாக்குவதற்குத்தான் என்று பியோங்யாங் வெளிப்படையாகச் சொன்னது. 2018ல் டிரம்பின் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன் "லிபியா மாதிரி" என்று வாய்விட்டபோது அவர்கள் எப்படிக் கொதித்தார்கள் என்று பாருங்கள். குடியரசுக் கட்சி ஆட்சியில் வாங்கிய வாக்கு, ஜனநாயகக் கட்சி ஆட்சியில் நடந்த போர். இதில் எந்தக் கட்சிக்குப் பழி போடுவீர்கள்? எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கும் கிம்முக்கு இரண்டும் ஒரே அமெரிக்காதான்.

13 அக்டோபர், மாலை 5.20

அக்கா, கிம் பக்கம் நான் சாயவில்லை. தன் மக்கள் பட்டினி கிடக்கும்போது ஏவுகணை செய்த ஆட்சி அது. அதற்கு என்னிடம் எந்த மன்னிப்பும் இல்லை. 2017 பிப்ரவரி 13ஆம் தேதி நம் விமான நிலையத்தில், கிம் ஜோங் உன்னின் ஒன்றுவிட்ட அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்தில் விஎக்ஸ் நஞ்சைப் பூச வைத்தார்கள். பிறகு நம் தூதரக ஊழியர்களும் குடும்பத்தினருமாக 9 பேரைப் பியோங்யாங்கிலிருந்து வெளியேற விடாமல் பிடித்து வைத்தார்கள். மார்ச் இறுதியில் அவர்கள் திரும்பி வந்தபோது எங்கள் ஒட்டுக்கடையில் தொலைக்காட்சி முன்னால் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அந்த ஒரு நாள் எவரும் கட்சி பேசவில்லை.

17 அக்டோபர், இரவு 9.15

ஈப்போ தம்பி, "2017க்கு முன்னால் மலேசியாவுக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தம் இல்லை" என்று எழுதியது சரியில்லை. 1995 ஜூன் 13ஆம் தேதி அமெரிக்காவும் வடகொரியாவும் அந்த மென்னீர் உலைகள் பற்றிக் கூட்டறிக்கை விட்டது கோலாலம்பூரில்தான். அமெரிக்கத் தரப்பில் தாமஸ் ஹப்பார்டும் வடகொரியத் தரப்பில் கிம் கே குவானும் வாரக்கணக்கில் இங்கே பேசினார்கள். தென்கொரிய உலையை வாங்குவது மானக்கேடு என்று வடகொரியா முரண்டு பிடித்தது. கடைசியில் தென்கொரியாவின் பெயரைச் சொல்லாமலே உலையை வருணித்து எழுதி முடித்தார்கள். 2000 ஜூலையிலும் நவம்பரிலும் ஏவுகணைப் பேச்சும் கோலாலம்பூரில் நடந்தது. ஏவுகணை விற்பனையை நிறுத்த ஆண்டுக்கு 100 கோடி டாலர் கேட்டார்கள். நம்மிடமிருந்து ரப்பரும் பாமாயிலும் அங்கே போய்க்கொண்டிருந்த காலம் அது.

நவம்பர் பேச்சு முடிந்த சில நாளில் அமெரிக்கத் தேர்தல். ஆள் மாறினார், மேசை காலியானது.

18 அக்டோபர், காலை 6.00

நேற்று எழுதிய கடைசி வரியை நினைத்துக்கொண்டே படுத்தேன். என் கோபம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கட்சி கையெழுத்துப் போட்டதை அடுத்த கட்சி தன் வீட்டுக் கடனாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஈரானைப் பாருங்கள். 2015ல் ஒபாமா காலத்து ஒப்பந்தம், செறிவூட்டல் 3.67 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2018 மே 8ஆம் தேதி டிரம்ப் விலகினார். 2021ல் ஈரான் 60 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. விலகிய அடுத்த மாதம், ஜூன் 12ஆம் தேதி, அதே டிரம்ப் சிங்கப்பூரில் கிம்மின் கையைக் குலுக்கி, என்னை நம்பு என்றார். கிம் எதை நம்புவார்?

சுங்கை சிப்புட்காரர்களுக்கு இது புதிதா? நான் பிறந்த தோட்டம் கைமாறியபோது, குடியிருந்த லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பதில் வீடு என்று மேடையில் வாக்குக் கொடுத்தார்கள். 2008 மார்ச் தேர்தலில் அமைச்சர் சாமிவேலு இங்கே தோற்றார். அதற்குப் பின் கேட்டால், வாக்குக் கொடுத்தது பழையவர்கள் என்று புதிதாக வந்தவர்களும், தடுத்தது புதியவர்கள் என்று பழையவர்களும். என் அம்மா அந்த லயத்து வீட்டுச் சாவியைக் கடைசிவரை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

31 அக்டோபர், இரவு 11.30

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

இன்று நம் நேரம் காலை ஆறு மணி கடந்த சிறிது நேரத்தில், வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த வேளையில், வடகொரியா ஹ்வாசோங் 19 என்ற, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை ஏவியிருக்கிறது. 86 நிமிடம் பறந்ததாம். இதுவரை அவர்கள் ஏவியதில் மிக நீண்ட நேரம்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தம்பி மகன் "பைடன் தூங்கிவிட்டார்" என்றான். என் மச்சான் "டிரம்ப் கடிதம் எழுதிக் கொஞ்சி வளர்த்தார்" என்றார். அடுத்த வாரம் அமெரிக்காவில் வாக்களிப்பு. அங்கே பேசுவதை அப்படியே இங்கே இலையில் வைத்துப் பரிமாறுகிறார்கள். நான் கேட்டேன்: 2019 பிப்ரவரியில் ஹனோயில் யோங்பியோனை மூடுகிறேன் என்று கிம் முன்வைத்ததற்கு ஈடாக எவ்வளவு பொருளாதாரத் தடையை நீக்கியிருக்கலாம்? இருவருக்கும் பதில் இல்லை. ஹனோயில் பேச்சு முறிந்தது அவர்களுக்குத் தெரியும், எதில் முறிந்தது என்று தெரியாது. கிம் பெரும்பாலான தடைகளை நீக்கக் கேட்டார். டிரம்ப் யோங்பியோன் மட்டும் போதாது என்றார். இடைப்பட்ட ஒரு படியைப் பேசக்கூட நேரம் கொடுக்காமல் எழுந்து போனார்கள். என் மனதில், அந்த நாள் 2002க்கு அடுத்த பெரிய இழப்பு.

3 நவம்பர், மாலை 4.40

தாப்பா அண்ணன் "பாம்பு" என்பதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் உலைகள் கொடுக்கப்படவில்லை என்பதை ஏற்றுக்கொண்டார். நன்றி அண்ணே.

மெங்லெம்புவில் கடைசல் பட்டறையில் வேலை செய்வதாகச் சொல்லி ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஷா ஆலம் கதை இனி நடக்காமல் இருக்க ஏதாவது செய்தார்களா என்று கேட்கிறார். செய்தார்கள். 2010ல் வியூகப் பொருள் வணிகச் சட்டம் வந்தது. கட்டுப்படுத்தப்பட்ட பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வாங்க வேண்டும், அதை இறுதியில் பயன்படுத்தப்போவது யார், எதற்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உன் முதலாளி ஏற்றுமதி ஆர்டர் எடுக்கிறவர் என்றால் அந்தத் தாள் அவர் மேசையில் இருக்கும். அலுமினிய உருளை, வழக்கத்துக்கு மீறிய துல்லியம், துபாய் வழியாகப் போகும் சரக்கு, வாங்குகிறவன் யார் என்று எவருக்கும் தெரியாது: இப்படி ஒரு வேலை வந்தால், வரைபடத்தைக் கையில் வாங்கும் முன்னால் அந்தத் தாளைக் காட்டச் சொல். அவர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும், நீ கேள்.